தூண், பீம், கூரை: ரேட்டும் வேலையும் (கேள்வி பதில்)

அஸ்திவாரம் முதல் கூரை கான்கிரீட் வரையிலான ஃப்ரேம் வேலை பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். டைல்ஸ், பெயிண்ட் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அது என் தொழில் இல்லை. விதி என்று நான் சொல்லும் இடங்களில் பொதுவான கான்கிரீட் வேலைக்கு இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 (2000), நிலநடுக்கப் பாதுகாப்புக்கு ஐ.எஸ். 13920 (2016) என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சேலம்: 1,200 சதுர அடி வீட்டுக்கு மூன்று பேரிடம் ரேட் கேட்டேன். சதுர அடிக்கு 1,950, 2,250, 2,600 என்கிறார்கள். மூவருமே "ஃபர்ஸ்ட் கிளாஸ் மெட்டீரியல்" போடுவதாகச் சொல்கிறார்கள். யாருக்குக் கொடுப்பது?

இந்த மூன்று எண்ணை வைத்துக்கொண்டு யாருக்கும் கொடுக்க முடியாது. முதலில் எதன் சதுர அடி என்று கேளுங்கள். போர்ட்டிகோவும் படிக்கட்டுத் தலைப்பும் முழு அளவில் சேருமா, பாதியா? சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர் உள்ளேயா, தனியா? அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம் வரை இந்த ரேட்டில் அடங்கும்? "நாலு அடிக்கு மேல் போனால் தனி" என்று ஒருவர் மனதுக்குள் வைத்திருப்பார், வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிய பிறகுதான் வாய் திறப்பார். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் 1,950 சொன்னவர் 2,250ஐத் தாண்டிவிடுவதும் உண்டு.

அடுத்து மூவரிடமும் ஒரே மூன்று அளவை எழுதி வாங்குங்கள்: மொத்தம் எத்தனை கிலோ கம்பி, எத்தனை மூட்டை சிமெண்ட், எந்த கிரேடு (பலத்தின் அளவு) கான்கிரீட். தூண் வைத்துக் கட்டும் சாதாரண வீட்டுக்குச் சதுர அடிக்கு 3.5 முதல் 4 கிலோ கம்பி, 0.4 மூட்டை சிமெண்ட் என்பது நாங்கள் கைக்கணக்காக வைத்திருப்பது. ஒருவர் இரண்டரை கிலோவில் முடிப்பதாகச் சொன்னால் டிராயிங்கைக் கேளுங்கள். டிராயிங்கே இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

மதுரை: அண்ணே, 9க்கு 9 தூண், நாலு 12 எம்.எம். கம்பி போதும்னு மேஸ்திரி சொல்றார். பின்னாடி ஒரு மாடி எடுக்கணும். தாங்குமா?

வேண்டாம் தம்பி. தூணின் குறுக்குப் பரப்பில் குறைந்தது 0.8 சதவீதம் கம்பி இருக்க வேண்டும் என்பது பொது விதி. 9க்கு 9ல் நாலு 12 எம்.எம். அந்தக் கோட்டை நூலிழையில்தான் தாண்டுகிறது. அதே நாலு கம்பியை 9க்கு 12 தூணில் போட்டால் அதுவும் இல்லை. அங்கே ஆறு 12 எம்.எம். அல்லது நாலு 16 எம்.எம். வேண்டும். நாலு ஆறாகும்போது ஒரு தளத்தில் ஒரு தூணுக்குக் கூடுவது சுமார் 6 கிலோதான். இன்றைய கம்பி விலையில் பெருக்கிப் பார், மேஸ்திரி எதை மிச்சம் பிடிக்கிறார் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்னை போன்ற மூன்றாம் நிலநடுக்க மண்டல ஊர்களில் ஐ.எஸ். 13920 பின்பற்றினால் தூணின் சிறிய பக்கமே 300 மி.மீ. இருக்க வேண்டும். 9 இன்ச் சுவருக்குள் தூண் மறைய வேண்டும் என்று வீட்டுக்காரரே அடம் பிடிப்பதால்தான் ஊரெல்லாம் 230 மி.மீ. தூணாக நிற்கிறது. ஹால் மூலையில் மூன்று இன்ச் துருத்திக்கொண்டால் குடி முழுகிவிடாது.

ஈரோடு: கம்பி கட்டுபவர் டன் கணக்கில் கூலி கேட்கிறார், மேஸ்திரி சதுர அடிக் கணக்கில் எல்லாம் சேர்த்துத் தருகிறேன் என்கிறார். எது லாபம்?

இரண்டிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. டன் கணக்கு என்றால் கம்பி கூடக்கூட அவருக்குக் கூலி கூடும்; தேவையில்லாத இடத்திலும் கம்பி ஏறும். சதுர அடிக் கணக்கு என்றால் ரிங் (நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) குறையக் குறைய அவருக்கு வேலை மிச்சம். 6 இன்ச்சுக்கு ஒன்று என்று டிராயிங்கில் இருப்பது களத்தில் 8 ஆகும், நடுவில் 10 கூட ஆகும். டிராயிங்படி கம்பிப் பட்டியல் ஒன்றை இன்ஜினியரிடம் வாங்கி, அந்த எடைக்கு மட்டும் டன் கூலி என்று பேசிவிடுவதே என் பழக்கம்.

எடை பார்ப்பது சுலபம். விட்டத்தை அதனாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 8 எம்.எம். என்றால் 4.74 கிலோ, 12 எம்.எம். என்றால் 10.67, 16 எம்.எம். என்றால் 18.96. கடைக்காரர் பீஸ் கணக்கில் விலை சொன்னால் ஒரு கம்பியைத் தராசில் போடச் சொல்லுங்கள். 12 எம்.எம்.முக்கு 5 சதவீதம் வரை வித்தியாசம் அனுமதிக்கப்பட்டதுதான். பத்து கிலோவுக்கும் கீழே போனால் இறக்க விடாதீர்கள்.

நாகர்கோவில்: 1,000 சதுர அடி கூரை, 5 இன்ச் கனம். 70 மூட்டை சிமெண்ட் போதும் என்று எழுதித் தந்திருக்கிறார்.

1,000 சதுர அடியை 5 இன்ச்சால் பெருக்கினால் 417 கன அடி, ஏறக்குறைய 11.8 கன மீட்டர். எம்20 கலவை (சிமெண்ட் 1, மணல் 1½, ஜல்லி 3) ஒரு கன மீட்டருக்கு எட்டு மூட்டை பிடிக்கும். ஆக, பீமைச் சேர்க்காமலே 94 மூட்டை. 70ல் முடிக்கிறார் என்றால் ஒன்று கனம் குறையும், இல்லை கலவை பலவீனமாகும். மூட்டை 350 ரூபாய் என்று வைத்தாலும் இதில் அவருக்கு மிச்சமாவது எட்டாயிரத்துச் சொச்சம், அதாவது சதுர அடிக்கு எட்டு ஒன்பது ரூபாய். உங்கள் ஊர் கடலோரம் வேறு. எம்20யோடு நிற்காதீர்கள், இன்ஜினியரிடம் கேட்டு கிரேடையும் கவரையும் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கனம்) கூட்டுங்கள்.

மூட்டையை எண்ணினால் மட்டும் போதாது, தண்ணீரையும் பார்க்க வேண்டும். ஒரு மூட்டைக்கு 25 லிட்டர், மணல் ஈரமாக இருந்தால் அதற்கும் குறைவு. காலையில் ஒழுங்காகத்தான் ஊற்றுவார்கள். பதினோரு மணி வெயிலில் மேலே இருந்து "இறுகுதுப்பா" என்று ஒரு குரல் வரும், மெஷின்காரர் பேசாமல் இன்னும் அரை பக்கெட் ஊற்றுவார். அந்த அரை பக்கெட் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சிமெண்டின் பலத்தில் பெரும் பங்கைத் தின்றுவிடும். மெஷின் பக்கத்தில் அளவுக் கோடு போட்ட பக்கெட்டோடு வீட்டு ஆள் ஒருவர் நின்றால் போதும்.

சென்னை: ரெடிமிக்ஸ் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே?

பாதித் தொல்லை குறையும். லாரிச் சீட்டில் கலவை ஏற்றிய நேரத்தைப் பாருங்கள். தாமதப்படுத்தும் மருந்து சேர்க்காத கலவையை இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும். டிரைவர் டிரம்முக்குள் தண்ணீர் பிடித்தால் நிறுத்துங்கள். 12 கன மீட்டர் கூரைக்கு இரண்டு சாம்பிள், சாம்பிளுக்கு மூன்று கியூப் (பலம் சோதிக்கும் கான்கிரீட் கட்டி) எடுக்கச் சொல்லுங்கள். பம்ப் வாடகை ரேட்டுக்குள் வருகிறதா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

தஞ்சாவூர்: கணவர் துபாயில் இருக்கிறார். திங்கட்கிழமை கூரை கான்கிரீட். இன்ஜினியர் போனில் "எல்லாம் ஓகே" என்கிறார். நானே பார்க்க முடியுமா சார்?

தாராளமாகப் பார்க்கலாம் அம்மா. இன்ஜினியரை ஞாயிறு மாலை நேரில் வரச் சொல்லுங்கள், அது அவர் வாங்கும் சம்பளத்தில் சேர்ந்ததுதான். அவரோடு மேலே ஏறும்போது ஒரு டேப்பும் போன் கேமராவும் போதும்.

முதலில் பால்கனி, சன்ஷேடு, போர்ட்டிகோ. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் பகுதி எல்லாவற்றிலும் முக்கியமான கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும், உள்ளே கூரைக்குள்ளும் நீளமாகப் போயிருக்க வேண்டும். கட்டும்போது சரியாகத்தான் கட்டுவார்கள். மறுநாள் கான்கிரீட் சட்டியோடு பத்துப் பேர் அதன் மேல் நடந்து நடந்து கம்பி தகடு வரைக்கும் அமுங்கிவிடும். பிறகு அந்தக் கம்பி அங்கே இருந்தும் இல்லாதது மாதிரிதான். அமுங்காமல் தாங்க நாற்காலி போல வளைத்த கம்பித் துண்டுகள் அடியில் இருக்கின்றனவா, நடக்கப் பலகை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். நான் கூரை பார்க்கப் போனால் முதலில் நிற்கும் இடம் இதுதான்.

பிறகு கவர் பிளாக்: கூரைக்கு 20 மி.மீ., பீமுக்கு 25, தூணுக்கு 40. ஜல்லிக் கல்லையோ டைல்ஸ் துண்டையோ முட்டுக் கொடுத்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். ரிங் முனைகள் பீமின் உட்பக்கம் நோக்கி 135 டிகிரி மடங்கியிருக்க வேண்டும். பெரும்பாலும் சும்மா 90 டிகிரி எல் போல மடித்துவிட்டிருப்பார்கள். தூணும் பீமும் சேரும் இடத்தின் அருகே ரிங் 4 இன்ச்சுக்கு மேல் விலகக் கூடாது. கரண்ட் பைப்புகள் பத்து ஒரே இடத்தில் கட்டாகப் போனால் பிரித்துவிடச் சொல்லுங்கள். கீழே இறங்கி முட்டுக் கம்புகளை ஒவ்வொன்றாகக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடும் முட்டும், அடியில் செங்கல் அடுக்கிய முட்டும் ஆபத்து. வைப்ரேட்டர் இரண்டு இருக்க வேண்டும், ஒன்று மக்கர் செய்யும்.

எல்லாவற்றையும் டேப் வைத்துப் படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். கான்கிரீட் விழுந்த பிறகு யாராலும் பார்க்க முடியாது.

திருப்பூர்: அஞ்சாம் நாளே சென்ட்ரிங் பிரிக்கணும்னு நிக்கிறாங்க. விடலாமா?

தகடு வாடகை ஏறுகிறது, அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், அதுதான் அவசரம். தூண் பலகையை மறுநாளே பிரிக்கலாம். 4.5 மீட்டர் வரை அகலமுள்ள கூரையின் முட்டு குறைந்தது 7 நாள், அதற்கு மேல் அகலமென்றால் 14. ஆறு மீட்டர் வரையான பீமுக்கு 14, அதற்கு மேல் 21. இதெல்லாம் ஓ.பி.சி. (சாதாரண போர்ட்லேண்ட்) சிமெண்டுக்கு. கடையில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி. (சாம்பல் கலந்தது), அது மெதுவாகத்தான் இறுகும். இன்னும் சில நாள் விடுங்கள். 14 நாள் வாடகையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் இந்தச் சண்டையே வராது.

கோவை: பலகை பிரித்ததும் தூணின் அடியில் ஜல்லி தெரிந்தது. மறுநாள் வந்து பார்த்தால் பூசி மறைத்துவிட்டார்கள்.

பூச்சை உடைக்கச் சொல்லுங்கள். சுத்தியலால் தட்டினால் பொக்கென்ற சத்தம் போய்க் கெட்டியான சத்தம் வரும் வரை கொத்தி எடுக்க வேண்டும். ஜல்லி மட்டும் தெரிந்தால் இன்ஜினியர் சொல்லும் கலவையால் அடைக்கலாம். கம்பி தெரிந்தாலோ, கம்பிக்குப் பின்னால் விரல் போனாலோ, சுருங்காத கிரவுட்டோ மைக்ரோ கான்கிரீட்டோதான். மேலே முட்டுக் கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும். செலவு ஒப்பந்தக்காரருடையது. ஜல்லி தெரிவது எல்லார் வேலையிலும் நடக்கும். ஆனால் கேட்காமல் பூசியவரின் மற்ற தூண்களையும் நான் தட்டிப் பார்ப்பேன்.

விழுப்புரம்: எவ்வளவு அட்வான்ஸ் கொடுக்கலாம்? ஜி.எஸ்.டி. தனி என்கிறாரே?

கையில் இருக்கும் வேலையைவிடப் பணம் முன்னால் ஓடக் கூடாது, அவ்வளவுதான். தொடங்கக் கொஞ்சம், பிளிந்த் பீம் (தரைமட்ட பீம்), லிண்டல் (கதவு, ஜன்னல் மேல் பீம்), கூரை என்று ஒவ்வொன்றும் முடிந்த பின் ஒரு தொகை, கடைசி 5 சதவீதத்தை ஒரு மழைக்காலம் முடியும் வரை பிடித்து வையுங்கள்.

தனி வீட்டுக்கு, பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்து கூலி மட்டும் ஒப்பந்தம் என்றால் அதற்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. பொருளோடு சேர்த்து என்றால் 18 சதவீதம். சிமெண்டின் வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28லிருந்து 18 ஆகிவிட்டது. அதற்கு முன் போட்ட எஸ்டிமேட்டை வைத்து இன்னும் பேசுகிறாரா என்றும் பாருங்கள்.

காரைக்குடி: தூணே இல்லாமல் செங்கல் சுவர் மேல் கட்டினால் மலிவாகுமா?

தரைத்தளம் மட்டும், மண் நன்றாக இருக்கிறது, அறைகள் சிறியவை என்றால் ஆகும். பிளிந்த், லிண்டல் மட்டத்தில் கான்கிரீட் பட்டை வீட்டைச் சுற்றி ஓட வேண்டும். களிமண் என்றால் இந்த யோசனையே வேண்டாம்.

திருநெல்வேலி: அஷ்டமி, நவமியில் கூரை போடலாமா? வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

வீட்டாரிடம் நான் வாதாட வரவில்லை. என் பஞ்சாங்கத்தில் மூன்றைத்தான் பார்ப்பேன்: மழை, உங்கள் ஏரியா மாதாந்திர மின்தடை நாள், அடுத்த பத்து நாளில் வரும் பண்டிகை. தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் கூரை போட்டுவிட்டு ஆட்கள் ஊருக்குப் போய்விட்டால், பாத்தி கட்டிய கூரைக்குத் தண்ணீர் விட நீங்கள்தான் ஏணி ஏற வேண்டும்.