வார்டில் சிஸ்டர்கள் பார்க்கும் வைட்டல்ஸில் எது முக்கியம்?

கேட்டவர் அப்பாவை வார்டில் சேர்த்திருக்கிறார். சிஸ்டர்கள் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து காய்ச்சல், பல்ஸ், பிபி எல்லாம் பார்த்து எழுதிக்கொண்டு போகிறார்களே, அதில் எதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

நான் ஸ்டாஃப் நர்ஸ். என்னைக் கேட்டால், மூச்சு.

கூட இருப்பவர்கள் எல்லாரும் "பிபி எவ்வளவு சிஸ்டர்?" என்றுதான் கேட்பார்கள். மூச்சு எத்தனை என்று கேட்பவர் அபூர்வம். ஆனால் நிமோனியாவோ, கிருமி ரத்தத்தில் கலந்ததோ, உள்ளே நிலைமை கெட ஆரம்பித்தால் பெரும்பாலும் சீக்கிரமே ஏறுவது மூச்சின் எண்ணிக்கைதான். பிபி அப்படி இல்லை. இதயம் வேகமாக அடித்தும் ரத்தக்குழாய்கள் சுருங்கியும் உடம்பு அதை ரொம்ப நேரம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அது விழும்போது நிறைய நேரம் கைவிட்டுப் போயிருக்கும்.

பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 மூச்சு வரை இயல்பு. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய, ஒவ்வொரு வைட்டலுக்கும் மதிப்பெண் போட்டு நிலைமை கெடுகிறதா என்று பார்க்கும் 'நியூஸ்' முறையில் 21 முதல் 24 வரை இருந்தால் 2 மதிப்பெண், 25-ஐத் தொட்டால் நேராக 3. ஏதாவது ஒன்றில் மட்டும் 3 வந்தாலும் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டியாக வேண்டும்.

இவ்வளவு முக்கியமானதைத்தான் பல வார்டுகளில் எண்ணுவதே இல்லை. காய்ச்சல், பல்ஸ், மூச்சு மூன்றையும் எழுதும் டிபிஆர் சார்ட்டைப் புரட்டினால் எல்லாப் படுக்கைக்கும் 20, 20 என்று இருக்கும். ஆள் பற்றாக்குறை எனக்கும் தெரியும். ஆனாலும் எண்ணாத எண்ணை எழுதுவதைவிட அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவது மேல்.

எண்ணுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. "மூச்சை எண்ணப் போறேன்" என்று சொன்னாலே நோயாளியின் மூச்சு மாறிவிடும். அதனால் பல்ஸ் பார்த்து முடித்த பிறகும் விரலை மணிக்கட்டிலிருந்து எடுக்க மாட்டேன். அந்தக் கையை அப்படியே அவர் நெஞ்சுக்குக் குறுக்கே வைத்துவிட்டு, கை ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ணுவேன். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறினாலே கணக்கில் நாலு உதைக்கும். அந்த ஒரு நிமிஷத்தில் வேறு விஷயங்களும் கண்ணில் படும். கழுத்துத் தசை இழுக்கிறதா, மூக்கு விடைக்கிறதா, ஒரு வாக்கியத்தை நிறுத்தாமல் சொல்ல முடிகிறதா என்று.

விரலில் மாட்டும் கருவி காட்டும் ரத்த ஆக்ஸிஜன் அளவைப் பார்த்து "சாச்சுரேஷன் 97 இருக்கே" என்பார்கள். ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டுக்கொண்டு 97 காட்டுபவர் நிமிஷத்துக்கு 30 முறை மூச்சு வாங்கினால் அந்த 97-ஐ நம்பி உட்கார முடியாது. விரல் ஜில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் கருவி தப்பாகக் காட்டலாம்.

பிபியில் ஒரு விஷயம் சொல்கிறேன், டெங்கு வார்டில் இது உயிர் காக்கும். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 110/70 என்றால் இடைவெளி 40, சரி. 100/85 வந்தால் மேலே நூறு இருக்கிறதே என்று வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் இடைவெளி 15 தான். 20 அல்லது அதற்குக் கீழே வந்தாலே டெங்குவில் அது ஷாக், அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத ஆபத்தான நிலை. அதுவும் காய்ச்சல் விட்ட பிறகுதான் பெரும்பாலும் வரும், 'குணமாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம்' என்று கிளம்பும் அதே நேரத்தில்.

அப்புறம், அப்பாவுக்கு டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய்களை இணைக்கும் ஆபரேஷன்) போட்ட கை இருந்தால் அதில் பிபி பார்க்கும் பட்டையை, அதாவது கஃப்பை, கட்டவே கூடாது. ஷிஃப்ட் மாறும்போது புதிதாக வருகிற சிஸ்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒல்லியான கஃப்பைப் பருத்த கையில் கட்டினால் பிபி அதிகமாகக் காட்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

அடுத்த முறை சிஸ்டர் வரும்போது "மூச்சு எத்தனை சிஸ்டர்?" என்று கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அப்பா எழுந்து உட்கார்ந்தாலோ, நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று குழம்பினாலோ, அடுத்த வைட்டல்ஸ் நேரம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே போய்க் கூப்பிடுங்கள், ராத்திரி எத்தனை மணியானாலும்.