மருந்தடித்த கை நடுங்கினால்…

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. பெரம்பலூர் பக்கம் பருத்தி போடுகிறோம். 25 வருடமாக அவரேதான் மருந்தடிக்கிறார். எட்டு மாதமாக வலது கை நடுங்குகிறது, நடையும் மெதுவாகிவிட்டது. "வயசானா அப்படித்தான்" என்கிறார். மருந்தால் வந்திருக்குமா?

பதில்: 58 ஒன்றும் கை நடுங்குகிற வயது இல்லை. அப்படியே விட்டுவிடாதீர்கள்.

அப்பா டிவி பார்க்கும்போது மடியில் இருக்கும் கையைக் கவனியுங்கள். சும்மா இருக்கையிலேயே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் புகையிலை கசக்குவதுபோல ஆடுகிறதா? நடக்கும்போது அந்தக் கை வீசாமல் உடம்போடு ஒட்டியே வருகிறதா? அப்படியென்றால் பார்க்கின்சன் நோயாக இருக்கலாம். டீ டம்ளரைத் தூக்கும்போது மட்டும் நடுங்கினால் தைராய்டு, சாப்பிடும் மாத்திரைகள் என்று வேறு காரணங்களைத் தேட வேண்டும்.

மூளையின் அடிப்பகுதியில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள்தான் நம் அசைவுகளைச் சீராக்குகின்றன. பார்க்கின்சனில் இந்தச் செல்கள் மெல்ல அழிகின்றன; அவற்றில் பெரும்பங்கு அழிந்த பிறகே நடுக்கம் தெரியவரும். பாராகுவாட் என்ற களைக்கொல்லியும் ரோட்டெனோன் என்ற பூச்சிமருந்தும் இந்தச் செல்களைக் கெடுப்பதை எலிகளிடம் பார்த்திருக்கிறார்கள். வருடக்கணக்கில் மருந்தடித்தவர்களிடம் பார்க்கின்சன் கூடுதலாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. பிரான்ஸ் 2012இல் இதை விவசாயிகளின் தொழில்நோயாகவே ஏற்றுக்கொண்டது. ஆனால் உங்கள் அப்பாவுக்கு இதனால்தான் வந்தது என்று எந்த ரத்தப் பரிசோதனையும் உறுதியாகச் சொல்லாது. பரம்பரை, வயது எல்லாம் சேர்ந்தே வேலை செய்கின்றன.

"குடிச்சாத்தானே விஷம்" என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். டேங்க் கசிந்து சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும், அந்த ஈரத்தோடே மதியம் வரை அடிப்பார்கள். அந்த நேரம் முழுக்க மருந்து தோல் வழியாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பருத்திக்கு அடிக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் என்ற வகைப் பூச்சிமருந்துகள் நரம்புக்கும் தசைக்கும் நடுவே போகும் செய்தியைக் குழப்பிவிடும். அடித்த அன்றே வியர்த்துக் கொட்டி, எச்சில் ஊறி, கண்பாவை சுருங்கி, தசை துடித்தால் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். நனைந்த உடையைக் கழற்றிவிட்டு, சோப்பு போட்டு உடம்பைக் கழுவுங்கள். சில மருந்துகளில், ஆள் தேறி இரண்டு மூன்று வாரம் கழித்துக் கால் பலவீனமாவதும் உண்டு.

சரி, இப்போது என்ன செய்வது? திருச்சி அல்லது தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இதுவரை அடித்த மருந்து டப்பாக்களின் லேபிளை போனில் படம் எடுத்துப் போங்கள். பார்க்கின்சன் என்றே முடிவானாலும் பயப்பட வேண்டாம். லெவோடோபா மாத்திரை நடுக்கத்தையும் இறுக்கத்தையும் நன்றாகக் குறைக்கும், தினமும் நடப்பதும் உதவும். அப்பா இனி மருந்தடிக்க வேண்டாம். வேறு யார் அடித்தாலும் முழுக்கை சட்டை, ரப்பர் கையுறை, கசியாத டேங்க் கட்டாயம்.

அப்புறம், கிளம்பும் முன் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: அடுப்படியில் தாளிக்கும் வாசனை அவருக்கு இப்போதும் தெரிகிறதா? மலச்சிக்கல் இருக்கிறதா? அம்மாவிடமும் கேளுங்கள்: தூக்கத்தில் கை காலை உதறிக் கத்துகிறாரா? நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே இவை வருவதுண்டு. அவர்கள் சொல்வதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள்.