காயோ காப்பியின் ஈரவாசம் – கடிதம்

வணக்கம் ஐயா,

இந்தோனேசியாவின் மேடானில் வேலை பார்க்கும் என் தம்பி விடுமுறைக்கு வந்தபோது கால் கிலோ காயோ காப்பிக்கொட்டை வாங்கிவந்தான். அரைத்து வழக்கம்போல பில்டரில் போட்டேன். டிகாக்ஷன் நல்ல கனமாக இறங்கியது. ஆனால் வாசனை வேறு மாதிரி. ஈர மண், பழைய மரப்பெட்டி என்று என்னென்னவோ ஞாபகம் வருகிறது. புளிப்பு துளியும் இல்லை. ஈரத்தில் கிடந்து கெட்டுப்போன கொட்டையா? இல்லை, அந்த ஊர் மண்ணின் குணமா?

சுகந்தி, கும்பகோணம்

அன்புள்ள சுகந்தி,

கெட்டுப்போகவில்லை, தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள். நீங்கள் சொன்ன அந்த வாசனைக்காகத்தான் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

மண்ணுக்கும் உயரத்துக்கும் பங்கு உண்டு. சுமத்ராவின் வடகோடியில், ஆச்சே மாகாணத்தின் காயோ மலைகளில், லாவுத் தாவார் ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 1,200 முதல் 1,600 மீட்டர் உயரத்தில் விளைகிற அராபிகா அது. 'லாவுத் தாவார்' என்றால் நன்னீர்க் கடல். ஆனால் ஈரவாசம் பெரும்பாலும் மண்ணிலிருந்து வருவதல்ல, தோல் நீக்கும் முறையிலிருந்து வருவது.

நம் குடகில் பழம் பறிப்பது மழை ஓய்ந்த பனிக்காலத்தில். சதையை நீக்கி, கழுவி, கொட்டையை மூடியிருக்கும் தோலோடு களத்தில் காயவைப்பார்கள். ஈரம் பதினொன்று, பன்னிரண்டு சதவீதத்துக்கு இறங்கிய பிறகுதான் தோல் உரிப்பது. காயோவில் அப்படிக் காத்திருக்க வானம் விடுவதில்லை. வருஷத்தில் பல மாதம் மழை. விவசாயிக்கு ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் நிலம். கையில் உடனே காசு வேண்டும். அதனால் வீட்டிலேயே சதை நீக்கி, ஒரு ராத்திரி ஊறவைத்துக் கழுவி, கொஞ்ச நேரம் வெயில் காட்டி, தோலோடு வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறார்கள். இந்தத் தோலோடு இருக்கிற கொட்டைக்கு அங்கே 'கபா' என்று பெயர். உமி நீக்காத நெல்லுக்கும் அதே சொல்தான். மில்லில் ஈரம் முப்பது, முப்பத்தைந்து சதவீதம் இருக்கும்போதே தோலை உரித்து, வெற்றுக் கொட்டையாக மறுபடி காயவைக்கிறார்கள். இந்த முறைக்குப் பெயர் 'கிலிங் பாசா', ஈர அரைப்பு.

தாக்கெங்கோன் ஊருக்கு வெளியே ஒரு மில்லில் அப்போதுதான் உரித்த கொட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வெளிறி, உப்பி, ஊறவைத்த கடலை மாதிரி இருந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. அவ்வளவு மென்மையாக இருப்பதால் இயந்திரத்தில் சில கொட்டைகள் நுனியில் பிளந்துவிடும். அதற்கு 'குக்கு கம்பிங்' என்கிறார்கள், ஆட்டுக் குளம்பு. காய்ந்த பிறகு பார்த்தால் நீலம் ஓடிய கரும்பச்சை. தோல் இல்லாமல் காய்கிற அந்த நாட்களில்தான் புளிப்பு அடங்கி, கனமும் கட்டை வாசமும் ஏறுகிறது. மழைக்கும் பணமுடைக்கும் ஈடுகொடுக்க வந்த வழி ஒரு ருசியாகவே நிலைத்துவிட்டது. எனக்கு இந்தக் காப்பியில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தோனேசியக் காப்பிக்கு வித்து நம் பக்கத்திலிருந்து போனது. டச்சுக்காரர்கள் 1696-இல் மலபாரிலிருந்து ஜாவாவுக்குக் கன்றுகள் அனுப்பினார்கள். அவை வெள்ளத்தில் போயின. 1699-இல் மறுபடி கொண்டுபோனவைதான் பிடித்தன. காயோ மலைக்குக் காப்பி வந்தது அதற்கு இருநூறு வருஷம் கழித்து, 1904-இல் டச்சுப் படை ஊர் ஊராக மக்களைக் கொன்று அந்த மலைநாட்டைப் பிடித்த பிறகு. இன்று அந்தத் தோட்டங்கள் காயோ மக்களின் சொந்த நிலம். அங்கே 'ஜெம்பர்' என்று ஒரு ரகம் வளர்க்கிறார்கள். கிழக்கு ஜாவாவின் ஜெம்பர் ஆராய்ச்சி நிலையம் வழியாக வந்ததால் அந்தப் பெயர். உண்மையில் அது கர்நாடகத்து பாலேஹொன்னூரில் உருவான எஸ்.795. 'காயோ' என்ற பெயருக்கு 2010-இல் இந்தோனேசியாவிலும் 2017-இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் புவிசார் குறியீடு கிடைத்தது.

சரி, உங்கள் கால் கிலோவுக்கு வருவோம். சிக்கரி சேர்க்காதீர்கள், அது இந்த வாசனையை மூடிவிடும். பாலைக் குறைத்து, முதல் டிகாக்ஷனில் ஒரு டம்ளர் போட்டுப் பாருங்கள். அப்புறம், தம்பி அடுத்த முறை வரும்போது அதே மலையில் முழுக்கக் காயவைத்துத் தோல் நீக்கிய கொட்டை ஒரு பொட்டலம் கொண்டுவரச் சொல்லுங்கள். 'ஃபுல் வாஷ்' என்று கேட்டால் கொடுப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.