கதீட்டர் அபிலேஷன் (மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, படபடப்பை உண்டாக்கும் இடத்தைச் சுட்டோ உறையவைத்தோ செயலிழக்கச் செய்வது): கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. திடீரென்று நெஞ்சு படபடக்கும், நாடி 180. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் நின்றுவிடும். இசிஜி நார்மல். எதை வைத்து அபிலேஷன் செய்வார்கள்?

பதில்: படபடக்கும்போது எடுத்த இசிஜி ஒன்று கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அடுத்த முறை பக்கத்துக் கிளினிக்கிலேயே எடுங்கள். அந்தத் தாள் சில மாதத்தில் மங்கிவிடும்; உடனே போனில் படம் பிடித்து வையுங்கள். சட்டென்று தொடங்கிச் சட்டென்று நின்றால், ஏவி முடிச்சருகே (மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கடத்தும் இடம்) இருக்கும், வேகமானதும் மெதுவானதுமான இரண்டு பாதைகளில் மின்சாரம் வட்டமடிப்பதாக இருக்கலாம். தொடை இடுக்குச் சிரை வழியாக கதீட்டர்களை ஏற்றி, இதயத்தைத் தூண்டி அதே படபடப்பை வரவழைத்துப் பார்ப்பார்கள். உறுதியானால் மெதுவான பாதையை மட்டும் 50–60 டிகிரியில் சுடுவார்கள். 95 சதவீதத்துக்கு மேல் பலன் உண்டு.

கேள்வி: பேஸ்மேக்கர் வைக்கும்படி ஆகிவிடுமாமே?

பதில்: ஆகலாம், ஆனால் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அந்தப் பாதைக்குப் பக்கத்திலேயே ஏவி முடிச்சு இருப்பதுதான் காரணம். சுடும்போது ஜங்ஷனல் துடிப்புகள் (ஏவி முடிச்சுப் பகுதியிலிருந்தே கிளம்பும் துடிப்புகள்) வரும், அது நல்ல அறிகுறி. ஆனால் அவற்றுக்குப் பின்னால் மேலறைத் துடிப்பு வராமல் போனால் அந்த நொடியே கரண்டை நிறுத்த வேண்டும். ரொம்ப நெருக்கமான இடமென்றால் கிரையோ (சுடாமல் உறையவைக்கும் முறை) நல்லது: மைனஸ் 30 டிகிரி வரை குளிர்வித்துப் பார்த்து, மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போவதில் தடை தெரிந்தால் விட்டுவிடலாம், பெரும்பாலும் பழையபடி திரும்பிவிடும்.

கேள்வி: அப்பாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது). அபிலேஷன் முடிந்து மூன்று வாரம், மறுபடி படபடப்பு. தோல்வியா? ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: முதல் இரண்டு மூன்று மாதம் வருவதைத் தோல்விக் கணக்கில் சேர்ப்பதில்லை, சுட்ட இடத்து வீக்கம் அடங்க வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. குறைந்தது இரண்டு மாதம் கட்டாயம். அதன் பிறகும், படபடப்பு நின்றதா என்பதை வைத்தல்ல, வயது, பிபி, சர்க்கரை, பழைய பக்கவாதம் ஆகியவற்றை வைத்துத்தான் முடிவு.

இதைவிட முக்கியமானது ஒன்று. முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, வாய் குழறல் வந்தால் வைரல் காய்ச்சல் என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். மேலறைக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே ஓட்டை விழுந்திருக்கலாம். மிக அரிது, ஆனால் உயிர்க்கொல்லி. மார்பு சிடி எடுக்க வேண்டும். எண்டோஸ்கோபி வேண்டவே வேண்டாம். ஊதும் காற்று ஓட்டை வழியாக இதயத்துக்குள் போய் மூளைக்கு ஏறிவிடும். அபிலேஷன் நடந்ததை எந்த டாக்டரிடமும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டுக்கு வந்தபின் தொடையில் ரத்தம் கசிந்தால்?

பதில்: படுக்கவைத்து, துளை உள்ள இடத்தில் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நிற்கவில்லை, அல்லது வீக்கம் பெருகுகிறது என்றால் அழுத்தியபடியே 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு வாரம் கனம் தூக்க வேண்டாம், பைக் கிக்கரும் மிதிக்க வேண்டாம்.