கோடு, பெட்டி, பரிசல்: ஓவியம் பழகுவோருக்குச் சில பதில்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஓவியம் பழகி வரும் அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஓவிய ஆசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (பாலக்கோடு): ஐயா, ஓராண்டாக நாள் தவறாமல் நடிகர்களின் முகங்களை வரைந்து வருகிறேன். முதலில் வரைந்த படத்துக்கும் நேற்று வரைந்ததற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கையிடம் கேட்கிறீர்கள். முகம் வரையும்போது கோட்டின் உறுதி, உறுப்புகளின் அளவு, தலை சாய்ந்திருக்கும் கோணம், ஒளி நிழல் ஆகிய அனைத்தையும் சேர்த்தே கவனிக்க வேண்டியிருக்கிறது. படம் சரியாக வராதபோது இவற்றில் எது பிசகியது என்று பிரித்தறிய முடியாமல், மறுநாளும் அதே பிழையோடு வரைகிறீர்கள். சில வாரங்களுக்கு முகங்களை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற நாட்களில் நேர்கோட்டை மட்டும் பழகுங்கள்.

தாளில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு புள்ளிகள் வையுங்கள். பேனா முனை தாளில் படாமல் ஒரு புள்ளியிலிருந்து மற்றொன்றுக்குக் கையை இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு தயங்காமல் ஒரே வீச்சில் கோட்டை இழுங்கள். மணிக்கட்டை மட்டும் அசைத்தால் நீண்ட கோடு வில்லாக வளையும். முழங்கையும் தோளும் சேர்ந்து அசைய வேண்டும். கோடு புள்ளியைத் தவறினால் அதன் மேலேயே இன்னொன்று போடாதீர்கள். பக்கம் நிறைந்ததும், கோடுகள் எந்தப் பக்கம் வளைகின்றன, எந்த முனையில் விலகுகின்றன என்று பார்த்து ஓரத்தில் சிவப்பு மையால் குறித்துவையுங்கள். பெரும்பாலானோருக்கு எல்லாக் கோடுகளும் ஒரே பக்கமாகத்தான் வளைந்திருக்கும். மறுநாள் பயிற்சியை அந்தக் குறிப்பிலிருந்து தொடங்குங்கள். இந்தச் சரிபார்த்தலைச் செய்யாதவர்கள் எத்தனை நோட்டுப் புத்தகங்களை நிரப்பினாலும் நின்ற இடத்திலேயே நிற்பதை வகுப்பறையில் தொடர்ந்து பார்த்திருக்கிறேன்.

கேள்வி (ஓசூர்): என்னென்ன பென்சில்கள் வாங்க வேண்டும்?

பதில்: நிழலிட எச்பி, 2பி, 6பி ஆகிய மூன்றே போதும். கோட்டுப் பயிற்சிக்குச் சாதாரண பால்பாயிண்ட் பேனா நல்லது; அழிக்க முடியாது என்பதால் யோசித்து இழுக்கப் பழகுவீர்கள்.

கேள்வி (பென்னாகரம்): ஒகேனக்கல்லில் அமர்ந்து பரிசல்களை நேரில் பார்த்து வரைகிறேன். என் படத்தில் பரிசல் தண்ணீரில் மிதக்காமல், கரையில் சாய்த்து வைத்தது போலத் தெரிகிறது. ஏன்?

பதில்: பரிசலின் வாய் வட்டமானது என்று உங்களுக்குத் தெரியும், அந்த அறிவு கண்ணை முந்திக்கொண்டு, வாயைத் தேவைக்கு மேல் வட்டமாக வரைய வைக்கிறது. கரையில் அமர்ந்திருக்கும்போது பரிசலின் விளிம்பு உங்கள் கண்மட்டத்துக்குச் சற்றே கீழே இருப்பதால் அது மெல்லிய நீள்வட்டமாகத்தான் தெரியும். தொங்குபாலத்தில் நின்று பார்த்தால் அதே வாய் அகன்று வட்டத்தை நெருங்கும். ஒரே இடத்தில் அமர்ந்து பார்த்தாலும், அருகிலுள்ள பரிசலின் வாயைவிடத் தொலைவிலுள்ளதன் வாய் இன்னும் ஒடுங்கித் தெரியும்.

கையை முழுவதும் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வாயின் உயரம் அதன் அகலத்தில் எத்தனை பங்கு என்று பென்சிலால் அளந்து பாருங்கள். ஐந்தில் ஒரு பங்கு என்று அளந்தவர் அதைப் பாதியாக வரைய மாட்டார். வரையும்போது முதலில் கிடைமட்டமாக ஒரு மெல்லிய கோடு போட்டு, அதையே நீள்வட்டத்தின் நீண்ட அச்சாக வைத்துக்கொள்ளுங்கள்; அந்த அச்சு சரிந்தால் பரிசலும் சரிந்துவிடும். நீள்வட்டத்தின் இரு முனைகளும் எவ்வளவு ஒடுங்கினாலும் வளைந்தே திரும்ப வேண்டும், கூராகக் கூடாது. வீட்டில் இருக்கும்போது ஒரு டம்ளரைத் தரையிலும், பிறகு மேசையிலும், பிறகு கண்ணுக்கு நேராக அலமாரியிலும் வைத்து அதன் வாயை மட்டும் வரைந்து பழகலாம்.

கேள்வி (கிருஷ்ணகிரி): பெட்டிகளை வரைந்துகொண்டே இருப்பது சலிப்பாக இருக்கிறது. அவசியம்தானா?

பதில்: அவசியம்தான். பேருந்து, வீடு, மனிதனின் மார்புக்கூடு எல்லாவற்றையும் முதலில் பெட்டியாகப் பார்க்கத் தெரிந்தால்தான் படத்துக்குக் கன அளவு வரும். சலிப்பாக இருந்தால், உங்கள் ஊர்ச் சாலைகளில் லாரிகளில் போகும் பெரிய கிரானைட் கற்களை நினைவிலிருந்து பல கோணங்களில் வரையுங்கள். வரைந்த பிறகு விளிம்புகளை வண்ணப் பென்சிலால் பின்பக்கம் நீட்டிப் பாருங்கள். ஒன்றுக்கொன்று இணையான விளிம்புகள் தொலைவில் நெருங்கிச் சென்று ஒரு புள்ளியில் சேர வேண்டும். தொடக்கத்தில் அவை விரிந்து செல்வதையும், பெட்டியின் பின்பக்கம் முன்பக்கத்தைவிடப் பெரிதாகியிருப்பதையும் காண்பீர்கள். அந்தப் பிழை நீட்டிய கோட்டில்தான் தெளிவாகத் தெரியும்.

கேள்வி (அரூர்): ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் கைபேசியில் வரும் படங்களையே பார்த்து வரைகிறாள். தடுக்க வேண்டுமா?

பதில்: தடுக்க வேண்டாம், அம்மா. பார்த்து வரைந்த பின் கைபேசியை மூடிவிட்டு நினைவிலிருந்து ஒருமுறை வரையச் சொல்லி, இரண்டையும் அவளையே ஒப்பிடச் சொல்லுங்கள். ஆனால் கைபேசிப் படத்தில், எந்தக் கோட்டை வைப்பது, எதை விடுவது என்ற முடிவை வேறொருவர் முன்பே எடுத்துவிட்டார். அந்த முடிவை அவளே எடுக்கப் பழக வேண்டும். ஆனந்த விகடனில் கோயில் சிற்பங்களைக் கோட்டோவியங்களாகத் தந்த சில்பி, நாமக்கல்லில் பிறந்தவர், சிற்பத்தின் முன் அமர்ந்து பார்த்துத்தான் வரைந்தார். உங்கள் மகளுக்கு, சீசனில் வரும் பெங்களூரா மாம்பழம் ஒன்றே போதும். அதன் மூக்கு எங்கே வளைகிறது, காம்பின் அருகே எவ்வளவு பள்ளம் என்று பார்த்து வெளிக்கோட்டை மட்டும் வரையட்டும். அடுத்த நாள் அதே பழத்தைச் சற்றுத் திருப்பி வையுங்கள். நிழலிடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.