நாடகம் கற்பிக்க விரும்பும் பெண்ணின் பெற்றோருக்கு

அன்புடையீர்,

சென்ற வாரம் நேப்பர்வில்லில் இருந்து நீங்கள் இருவரும் வந்து, கல்லூரித் தேர்வு ஆலோசகரான என்னுடன் பேசிய ஒன்றரை மணி நேரத்தில், அர்பானா-ஷாம்பெயினில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறையின் பெயர் அடிபட்ட அளவுக்கு உங்கள் மகளின் பெயர் அடிபடவில்லை. பதினோராம் வகுப்பை முடிக்கப்போகும் பெண், எழுதிவைத்த வசனம் இல்லாமல் அந்தக் கணத்திலேயே உருவாக்கி நடிக்கும் ‘இம்ப்ரோவ்’ என்ற நாடக முறையைப் படிக்க வேண்டும் என்கிறாள், சென்னையில் இருக்கும் பெரியப்பா “பிள்ளையைக் கூத்தாடியாக்கவா அமெரிக்கா போனீர்கள்?” என்று தொலைபேசியில் கேட்கிறார், அம்மாவுக்கு இரண்டு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. இந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் பெரியப்பா கட்டணம் செலுத்தப்போவதும் இல்லை, நான்கு ஆண்டுகள் அந்த வகுப்பறையில் உட்காரப்போவதும் இல்லை. ஆகவே அவருடைய கருத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கணினி அறிவியலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. உங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பில் அதை எடுத்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கி, தானாகவே விட்டுவிட்டாள். மதிப்பெண் வருகிறது என்பதற்காகவே விருப்பமில்லாத துறையில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் இரண்டாம் ஆண்டில் பாடம் மாற்றிக்கொள்வதையும், அதற்காகப் பெற்றோர் கூடுதலாக ஓராண்டுக் கட்டணம் கட்டுவதையும் நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

அவள் நடிகையாக விரும்புவதாக நீங்கள் எண்ணுகிறீர்கள். உங்களை வெளியே அமரச் சொல்லிவிட்டு அவளிடம் முக்கால் மணி நேரம் பேசினேன். தான் மேடையில் நின்றதைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் நூலகத்தில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு அவள் நடத்தும் நாடக வகுப்பைப் பற்றியே பேசினாள். அங்கே ஒரு பையன் ஆறு வாரமாக வாய் திறக்கவில்லையாம். அவனைப் பேசச் சொல்லி வற்புறுத்தாமல், எல்லோரும் பொருளற்ற ஒலிகளை மட்டும் வைத்துச் சந்தையில் மீன் விற்க வேண்டும் என்று விளையாட்டை மாற்றியிருக்கிறாள்; அன்று அதிகம் பேசியவன் அவன்தானாம். இதைச் சொல்லும்போது அவளுடைய கை, அந்தப் பையன் பிடித்த இல்லாத தராசைத் தானும் பிடித்துக்கொண்டிருந்தது. இது ஆசிரியராகப் பிறந்தவரின் கை.

அவள் கையாண்ட அந்த ஒலி விளையாட்டு, நீங்கள் வாழும் இதே சிகாகோப் பகுதியில் வளர்ந்தது. அதை வளர்த்த வயோலா ஸ்போலின் 1906இல் சிகாகோவில் பிறந்தவர். 1924 முதல் 1927 வரை, ஹால்ஸ்டெட் தெருவில் இருந்த ஹல் ஹவுஸ் என்ற சேவை இல்லத்தில், நீவா பாய்ட் என்ற சமூகப் பணியாளரிடம் அவர் பயிற்சி பெற்றார். அவர் அங்கே கற்றது நடிப்பை அன்று. விளையாட்டு, நாட்டுப்புற நடனம், கதைசொல்லல் ஆகியவற்றின் மூலம் குழுவாகப் பழகக் கற்றுத்தரும் முறையை. 1939இல், வேலையில்லாதோருக்காக அரசு நடத்திய டபிள்யூ.பி.ஏ. திட்டத்தில் நாடக மேற்பார்வையாளராகச் சேர்ந்தார். பல நாடுகளில் இருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் பெரியவர்களும் அவரிடம் வந்தனர். அவர்களுக்கு நடிப்புக் கோட்பாட்டை விரிவுரையாகச் சொல்லிப் பயனில்லை என்று கண்டு, ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒரு விளையாட்டை உருவாக்கினார். குரல் எழவில்லையா, அதற்கு ஒரு விளையாட்டு. ஒருவர் மேடையை அடைத்துக்கொள்கிறாரா, அதற்கு இன்னொன்று. ஆட்டத்தை நிறுத்தாமல் ஓரத்தில் நின்றபடியே ஒரு சொல்லால் வழிகாட்டுவது அவருடைய முறை. நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்வதை அவர் முற்றிலும் தவிர்த்தார்.

1946இல் ஹாலிவுட்டில் சிறுவர் நாடகக் குழுவை நடத்தினார். 1955இல் சிகாகோ திரும்பினார். அவருடைய மகன் பால் சில்ஸ் மேலும் இருவருடன் சேர்ந்து 1959இல் தொடங்கிய செகண்ட் சிட்டி என்ற இம்ப்ரோவ் நகைச்சுவை அரங்கின் நடிகர்களுக்கு அவரே பயிற்சி அளித்தார். 200க்கும் மேற்பட்ட பயிற்சிகளைக் கொண்ட வயோலாவின் இம்ப்ரோவ் நூல் 1963இல் வெளிவந்தபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. பெயர் வருவதற்கு முந்தைய அந்த நீண்ட காலத்தில் அவர் செய்தது பெரும்பாலும் கற்பிக்கும் வேலையே என்பதை, “இதில் சோறு கிடைக்குமா?” என்று கேட்ட அப்பா கவனிக்க வேண்டும்.

ஆகவே நான் பரிந்துரைப்பது, இல்லினாய் மாநிலத்தில் நாடக ஆசிரியர் உரிமம் பெறும் வழி. நம் குடும்பங்களில் ஒருவர்கூட இதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. நார்மல் நகரில் உள்ள இல்லினாய் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நாடக ஆசிரியர் கல்விக்கென்றே இளங்கலைப் பிரிவு இருக்கிறது. இயக்கம், அரங்க அமைப்பு, ஒளியமைப்பு, கல்வியியல் ஆகியவற்றைப் படித்து, பள்ளியில் பயிற்சி ஆசிரியராகப் பணியாற்றி, மாநிலத் தேர்வையும் முடித்தால் உரிமம் கிடைக்கும். முழுநேர நாடக ஆசிரியர் இடங்கள் குறைவு என்பதால், ஆங்கிலப் பாடம் கற்பிக்கும் தகுதியையும் அவள் உடன் பெற வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சம்பளம் மென்பொருள் துறையை எட்டாது. ஆனால் மாதந்தோறும் வரும், ஓய்வூதியமும் உண்டு. பள்ளியோடு இந்த வேலை முடிந்துவிடுவதும் இல்லை. நோயாளியின் பேச்சைக் கவனித்துக் கேட்பதற்காக நார்த்வெஸ்டர்ன் மருத்துவக் கல்லூரி தன் மாணவர்களுக்கு இம்ப்ரோவ் கற்பிக்கிறது. முதுகலை படித்தால் நாடகச் சிகிச்சையாளராகவும் ஆகலாம்.

இனிச் செலவு. நகைச்சுவை நடிப்புக்குப் பட்டம் தரும் தனியார் கல்லூரியோ, நியூயார்க்கின் நாடகப் பள்ளியோ, எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் அதற்காகக் கடன் வாங்காதீர்கள். உங்கள் மகளிடமும் இதை நேராகவே சொன்னேன், அவள் ஒப்புக்கொண்டாள். இந்த மாநிலத்தில் வசிக்கும் மாணவர்களுக்கான குறைந்த கட்டணத்தில் அரசுப் பல்கலைக்கழகத்தில் படிக்கட்டும். ஆசிரியராகப் படிப்போருக்கு மாநில அரசு தரும் உதவித்தொகை ஒன்று உண்டு; அதன் இப்போதைய தொகையையும் தகுதி விதிகளையும் விசாரித்துவிட்டு விண்ணப்பிக்கலாம். உதவி பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டு, சிறுபான்மை மாணவர்கள் மிகுந்த பள்ளியில் பணியாற்ற வேண்டும், தவறினால் அது கடனாக மாறும். அவள் நூலகத்தில் செய்வதே அந்த வேலை என்பதால் இந்த நிபந்தனை எனக்கு நெருடவில்லை. செகண்ட் சிட்டியின் பயிற்சி வகுப்புகளைக் கோடை விடுமுறையில் வீட்டிலிருந்தே ரயிலில் போய்ப் படிக்கலாம்.

வரும் சனிக்கிழமை காலை நூலகத்துக்குச் சென்று, அவளுடைய வகுப்பைப் பின்வரிசையில் அமர்ந்து முழுவதும் பாருங்கள்; நீங்கள் இருவரும் அதை இதுவரை பார்த்ததே இல்லை என்று அவள் சொன்னாள். அன்று பிற்பகல் மூவரும் என்னிடம் வாருங்கள், விண்ணப்பப் பட்டியலை எழுதிவிடலாம். பெரியப்பாவின் தொலைபேசி எண்ணையும் கொண்டுவாருங்கள், அவரிடம் நானே பேசுகிறேன்.