நெட் தமிழ்த் தாள்: எழுதிவிட்டு வந்தபின் எழும் கேள்விகள்

கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வில் தமிழ்ப் பாடம் (குறியீட்டு எண் 26) எழுதிவிட்டு வந்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில். முதல் தாளில் 50 கேள்வி, பாடத் தாளில் 100. கேள்விக்கு 2 மதிப்பெண். இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரம்.

எட்டுத்தொகைப் பொருத்துகக் கேள்வியில் கவிழ்ந்துவிட்டேன். ‘தொகுத்தவர்’, ‘தொகுப்பித்தவர்’ இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிட்டேன். வெளியே வந்த பலரும் இதையே சொல்லிப் புலம்பினார்கள்.
– முதுகலை மாணவி, கும்பகோணம்

இது படிக்காததால் வந்த தவறு அல்ல, ஒரு விகுதியைக் கவனிக்காததால் வந்தது. செய் – செய்வி, நட – நடப்பி என்பதுபோலத் தொகு – தொகுப்பி. பாட்டுகளைச் சேர்த்து அடுக்கியவர் தொகுத்தவர். அதைச் செய்யவைத்தவர் தொகுப்பித்தவர்.

எட்டு நூல்களையும் தனித்தனியாக நெட்டுருப் போட வேண்டியதில்லை. இரண்டு பெயரும் கிடைப்பவை இரண்டே நூல்கள். அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார், தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. நற்றிணைக்குத் தொகுப்பித்தவர் மட்டும் தெரியும்: பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி. குறுந்தொகைக்கும் கலித்தொகைக்கும் தொகுத்தவர் மட்டும்: முறையே பூரிக்கோ, நல்லந்துவனார். புறநானூறு, பதிற்றுப்பத்து, பரிபாடல் மூன்றுக்கும் இரண்டு பெயருமே தெரியவில்லை.

பலரையும் வழுக்கிவிடுவது பூரிக்கோதான். பெயரில் ‘கோ’ இருப்பதால் அரசன், ஆகவே தொகுப்பித்தவன் என்று கை தானாக அங்கே போகும். குறுந்தொகைக்குத் தொகுப்பித்தவர் பெயரே நமக்கு வந்து சேரவில்லை.

ஏழெட்டுக் கேள்விகளுக்கு விடையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ‘மார்க்டு ஃபார் ரிவ்யூ’வும் அழுத்தி வைத்தேன். திரும்பிப் பார்க்க நேரம் இல்லை. அந்த விடைகள் போய்விட்டனவா?
– ஆய்வு மாணவர், திருநெல்வேலி

போகவில்லை. விடையைச் சேமித்து, மறுபார்வைக் குறியும் போட்டிருந்தால் அது திருத்தத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும். விடை எதையும் தேர்ந்தெடுக்காமல் குறி மட்டும் போட்டதுதான் வீண். இந்தத் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதும் இல்லை. அதனால் அடுத்த முறை ஒரு கேள்வியையும் வெறுமையாக விட்டு வராதீர்கள்.

ஒரு யூடியூப் சேனல் விடையின்படி எனக்குப் பாடத் தாளில் 136, இன்னொன்றின்படி 148. எதை நம்புவது?
– வாசகர், விழுப்புரம்

இரண்டையும் நம்ப வேண்டாம். முதல் ஓரிரு நாளில் வருவதெல்லாம் மாணவர்கள் நினைவிலிருந்து சொன்ன கேள்விகள். அவற்றில் ஒரு சொல் மாறினாலும் விடை மாறிவிடும். மேலே சொன்ன ‘தொகுத்தவர்’ கேள்வியே போதும் சான்றுக்கு.

தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை தற்காலிக விடைக்குறிப்பையும் உங்கள் விடைத்தாளையும் வெளியிடும்வரை பொறுங்கள். வெளியானதும் இரண்டையும் உடனே இறக்கிச் சேமித்துவிடுங்கள். அந்தப் பக்கம் குறிப்பிட்ட நாள்வரைதான் திறந்திருக்கும். எண்ணும்போது பெரும்பாலானவர்கள் ஓரிடத்தில் இடறுகிறார்கள். ‘தேர்ந்தெடுத்த விடை: 3’ என்று விடைத்தாளில் பார்த்ததும், விடைக்குறிப்பிலும் 3 இருக்கிறதா என்று தேடுவார்கள். அந்த 3 உங்கள் திரையில் மூன்றாவதாக வந்த விடை, அவ்வளவுதான். விடைக்குறிப்பில் இருப்பதோ ஒவ்வொரு விடைக்கும் தனித்தனியாகத் தரப்பட்ட நீண்ட அடையாள எண்.

ஒரு தாளில் நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: கேள்வி எண், நீங்கள் தேர்ந்த விடைக்குரிய அடையாள எண், விடைக்குறிப்பில் உள்ள அடையாள எண், சரியா தவறா. எண்ணின் கடைசி நாலைந்து இலக்கங்களை ஒப்பிட்டால் போதும். 150 கேள்விக்கும் ஒரே மூச்சில் செய்யாமல், இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கூட்டுங்கள். கூட்டலில் பிழை வந்தால் கண்டுபிடிப்பது எளிது.

விடைக்குறிப்பில் ஒரு விடை தவறு என்று உறுதியாகத் தெரிகிறது. ஆட்சேபம் தெரிவிக்கக் கேள்விக்கு 200 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?
– உதவிப் பேராசிரியர் பணிக்குத் தயாராகும் வாசகி, சேலம்

பணம் திரும்ப வராது. கட்டணம் கட்டாத ஆட்சேபத்தைப் பார்க்கவும் மாட்டார்கள். ஆகவே கையில் மூலநூல் இருந்தால் மட்டும் கட்டுங்கள். கைடு, பயிற்சி மையக் குறிப்பு, இணையப் பக்கம் இவையெல்லாம் வலுவில்லாத சான்றுகள். நூலின் தலைப்புப் பக்கம், பதிப்பு ஆண்டு உள்ள பக்கம், உரிய பக்கம் மூன்றையும் தெளிவாக ஸ்கேன் செய்து ஒரே பி.டி.எஃப். ஆக்கி, தொடர்புடைய வரியைக் கோடிட்டு ஏற்றுங்கள்.

அதற்குமுன் கேள்வியை இன்னொரு முறை படியுங்கள். குறுந்தொகைப் பதிப்பு என்றாலே உ.வே.சா., 1937 என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ‘முதன்முதலில் பதிப்பித்தவர்’ என்று கேட்டால் விடை சௌரிப்பெருமாள் அரங்கனார், 1915. இந்த மாதிரிக் கேள்விக்கு ஆட்சேபம் போட்டால் 200 ரூபாய் தண்டம்.

நண்பர்கள் ஐந்து பேருக்கும் அதே கேள்வியில் குறை இருந்தால் ஐந்து பேரும் கட்ட வேண்டாம். ஒருவர் ஆட்சேபம் ஏற்கப்பட்டாலே விடைக்குறிப்பு எல்லாருக்கும் திருத்தப்படும். ஏற்றார்களா இல்லையா என்று தனியாகக் கடிதம் வராது. இறுதி விடைக்குறிப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொதுப்பிரிவில் 300க்கு 164 வருகிறது. 40 விழுக்காடு தாண்டிவிட்டதே, தேர்ச்சிதானே?
– வாசகர், மதுரை

இல்லை. இரண்டு தாளும் சேர்த்துப் பொதுப்பிரிவுக்கு 40, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 35 விழுக்காடு என்பது வாசற்படி மட்டும். இரண்டு தாளும் எழுதியவர்களில் 6 விழுக்காட்டினரே உதவிப் பேராசிரியர் தகுதி பெறுவார்கள். அந்த இடங்களை முதலில் இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குப் பிரிக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு பிரிவிலும் வாசற்படி தாண்டியவர்கள் எந்தப் பாடத்தில் எத்தனை பேர் என்ற விகிதத்தில் பாடங்களுக்குப் பங்கிடுகிறார்கள். தமிழில் உங்கள் பிரிவில் எத்தனை பேர் வாசற்படி தாண்டினார்கள், மற்றப் பாடங்களில் எத்தனை பேர் என்பது தெரியாமல் கட் ஆஃப் சொல்வது கிளி ஜோசியம்.

முதல் தாளே 80 நிமிடத்தை விழுங்கிவிட்டது. கடைசி 20 தமிழ்க் கேள்விகளைப் படிக்காமலே குத்தினேன்.
– மாணவர், காரைக்குடி

180 நிமிடத்தை 150 கேள்விக்குப் பங்கிட்டால் கேள்விக்கு 72 வினாடி. முதல் தாளில் புள்ளிவிவர அட்டவணைக் கேள்விகள் ஐந்தும் பத்தி வாசிப்பு ஐந்தும் சேர்ந்தே இருபது நிமிடத்தைத் தின்றுவிடும். அடுத்த முறை தமிழில் தொடங்கி 105 நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

தமிழிலும் நேரம் போவது கால வரிசைக் கேள்விகளில்தான். நான்கையும் வரிசைப்படுத்த முயலாதீர்கள். முதலையும் கடைசியையும் மட்டும் பிடியுங்கள். உ.வே.சா. பதிப்புகளில் சிலப்பதிகாரம், மணிமேகலை, புறநானூறு, சிந்தாமணி என்று கொடுத்தால், சிந்தாமணி (1887) முதல், மணிமேகலை (1898) கடைசி. இது பொருந்தாத விடைகளை அடித்துவிட்டால் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். இரண்டு மிஞ்சினால் மட்டும் நடுவில் உள்ள சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894) பக்கம் போங்கள்.

பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி என்று வந்தால் அது எத்தனை நாள் செல்லும்?
– வாசகி, தூத்துக்குடி

ஓராண்டு. அதற்குள் சேர்ந்துவிட வேண்டும். சேர்க்கையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 விழுக்காடு எடை.